பாம்பு நூற்றுப் பத்து, ஏணி நூற்று முப்பது

மலாக்காவை விடுங்கள், ஜொகூரிலிருந்து பினாங்கு வரை நீளமாகத் தேடினாலும் எங்கள் இருபது மைல் அண்ணனைப் போல வேகத்தைப் பற்றிப் பேசிய மனிதர் கிடையாது. அவரைப் போல மெதுவாகக் கார் ஓட்டிய மனிதரும் கிடையாது. இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் விசேஷம்.

அவருக்கென்று அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். மலாக்காவில் நாங்கள் இருந்த காஜா பெராங்கில் அது யாருக்கும் தெரியாது. காரில் அவர் எப்போதும் போகிற வேகமே பெயராகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் இருபது மைல் மாமா என்பார்கள். நான் வாசலில் தோசை சுட்டு விற்றுக்கொண்டிருந்தவள், இருபது மைல் அண்ணே என்பேன். அவரும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டு தலையாட்டுவார்.

அவர் கார் வந்தால் எங்கள் ரோட்டில் கோழிகள்கூட அவசரப்படாது. நின்று, யோசித்து, எதிர்ப்பக்கம் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிட்டுப் போகும். ரொட்டி விற்கிற பாய் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டே அவரை முந்துவார்; முந்தும்போதே பின்சீட்டில் இருப்பவருக்கு ஒரு ரொட்டியை விற்றுவிட்டும் போவார். ஒரு தடவை சவ ஊர்வலம் ஒன்று அவர் பின்னால் மாட்டிக்கொண்டது. மேளக்காரர் நடந்து வந்து கார்க் கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, இருட்டுறதுக்குள்ள அடக்கம் பண்ணணும், கொஞ்சம் ஒதுங்குங்க" என்று கேட்டுக்கொண்டார். அண்ணனும் ஒதுங்கி, தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார்.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. பெரிய சீமைக் கார், கறுப்பு நிறம். வெயிலில் நின்றால் அதன் மேல் நம் முகத்தைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். உள்ளே தோல் சீட்டு, பளபளவென்று மரப்பலகை, அந்தப் பலகையில் வேகம் காட்டுகிற வட்டம். வட்டத்தில் நூற்று இருபது வரை எண் இருந்தது. ஆனால் முள் இருபதைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. அதற்கு மேலே இருந்த எண்களெல்லாம் புது மாப்பிள்ளை மாதிரி புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தன.

அது ஒரு தோட்டத்துத் துரையின் கார். அண்ணன் அவரிடம் டிரைவராக இருந்தார் என்று பேர், ஓட்டியதெல்லாம் துரைதான். துரை காற்றாகப் பறப்பாராம். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே போவாராம். சுதந்திரம் வந்து துரை சீமைக்குக் கப்பலேறியபோது காரை அண்ணனிடமே விட்டுவிட்டுப் போனார். எங்கள் கம்பத்துக்கு, அதாவது குடியிருப்புக்கு, வந்த அந்தக் காருக்கு நாங்கள் வைத்த பெயரும் கப்பல்தான். அண்ணன் கப்பலைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்தார். ஊர்வலத்துக்கு அவரைப் போல ஆள் கிடைக்காது. நாதஸ்வரக்காரர்தான் சில சமயம், கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே, வண்டி மூச்சு வாங்க நிக்கிற மாதிரி இருக்கு என்பார்.

சாயங்காலம் ஆனால் கோப்பிக் கடையில் அவருடைய பிரசங்கம். ஒரே விஷயம்தான், டயர். நான் அங்கே சீனி வாங்கப் போனாலும் காதில் விழும், சும்மா போனாலும் விழும். டயருடைய பக்கத்தில் அதன் அளவைச் சொல்ல எண்கள் போட்டிருப்பார்கள். அந்த எண்களுக்கு நடுவில் சில டயருக்கு ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எழுத்துதான் டயர் எவ்வளவு வேகம் தாங்கும் என்று சொல்கிற எழுத்து. என்னைப் போல அண்ணனுக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. துரை குச்சியால் மண்ணில் எழுதிக் காட்டியிருந்தாராம். எழுத்தே இல்லாவிட்டால் சாதாரண டயர், தொண்ணூறு மைல் சொச்சம். பாம்பு மாதிரி நெளிந்த எழுத்து இருந்தால் நூற்றுப் பத்து. இரண்டு காலும் நடுவில் ஒரு படியுமாக ஏணி மாதிரி இருந்தால் நூற்று முப்பது.

"பாம்பு நூத்திப் பத்து, ஏணி நூத்தி முப்பது" என்று மேசையைத் தட்டுவார். கோப்பி ஆடும்.

துரை கப்பலேறும்போது சொல்லிவிட்டுப் போன ஒரே புத்தி, இந்த வண்டிக்கு ஏணிக்குக் குறைந்து எதையும் மாட்டாதே என்பதாம். அண்ணன் அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டார்.

டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா. அண்ணே, நீங்க போற வேகத்துக்கு மாட்டுவண்டிச் சக்கரமே ஜாஸ்தி என்றார் ஒருவர். சக்கரம் எதுக்கு, நாலு பேரை விட்டுத் தூக்கிட்டுப் போகச் சொன்னா இதைவிடச் சீக்கிரம் போகலாம் என்றார் இன்னொருவர். அண்ணன் கோபித்துக்கொள்ளவே மாட்டார்.

"டயர் நான் போற வேகத்துக்கு இல்ல தம்பி. வண்டியால போக முடிஞ்ச வேகத்துக்கு. உடம்புல நூத்தி இருபதுக்குத் தெம்பு இருக்கு, கால்ல இல்லைன்னா அது நியாயமா?"

"அப்ப ஒரு நாளாச்சும் நூத்தி இருபது போய்க் காட்டுங்க லா."

"பயில்வான் ரோட்டுல போறவன எல்லாம் தூக்கிப் போட்டுக்கிட்டா இருக்கான்?"

டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்கள் அன்றைக்கு அண்ணன் கோப்பிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

என் கதைக்கு வருகிறேன். வராவிட்டால் நான் சொல்லச் சொல்ல எழுதுகிற என் மகள் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள்.

நான் கல்யாணமாகிக் காஜா பெராங்குக்கு வந்தது தீம்பாரிலிருந்து, அதாவது ரப்பர் தோட்டத்திலிருந்து, கித்தா பால் ஏற்றுகிற லாரியில். புதுச் சேலை முழுக்கப் பால் வாடை. ஒரு பக்கம் நாத்தனார், மறு பக்கம் விருந்துக்குப் பிடித்து வந்த ஆடு. ஆடு என் முந்தானையை மென்றுகொண்டே வந்தது. நானும் அழுதேன், ஆடும் அழுதது. இறங்கியபோது மாமியார் முதலில் ஆட்டைத்தான் பத்திரமாக இறக்கச் சொன்னார். கழுத்து மாலையோடு நானே குதித்து இறங்கினேன். அன்றைக்கே மனசுக்குள் ஒன்று முடிச்சுப் போட்டேன். என் தங்கச்சி பாக்கியம் கல்யாணமாகிப் போகிற நாளில் அவளை யாராவது கதவைத் திறந்து இறக்க வேண்டும்.

அம்மா அப்பா இல்லாமல் போனதால் பாக்கியம் என்னோடுதான் வளர்ந்தாள். பேசினால் வாய் தேய்ந்துவிடும் என்று நினைக்கிறவள். எதிரே அண்ணன் வீட்டு வாசலில் கப்பல் நிற்கும். அவள் ஜன்னலில் நிற்பாள். கார் புறப்பட்டுத் தெருமுனை போய்ச் சேருவதற்குள் ஒரு படி அரிசியில் கல் பொறுக்கிவிடுவாள். கேட்க மாட்டாள், பார்ப்பாள். எனக்குத் தெரியாதா.

பத்து பெரெண்டாம் என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் மாப்பிள்ளை அமைந்தது. வைகாசியில் முகூர்த்தம், அவர்கள் தோட்டத்துக் கோயிலிலேயே தாலி கட்டு. மாப்பிள்ளையின் அம்மா ஆள் பெரியவர், குரல் அதைவிடப் பெரியது. பொண்ணைக் கூட்டிப் போக லாரி அனுப்புறோம், எங்க வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் லாரியிலதான் வந்தாங்க, யாரும் தேய்ஞ்சு போயிடலை என்றார். நான், லாரியில நீங்க வாங்க சம்பந்தியம்மா, என் தங்கச்சி கப்பல்ல வருவா என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனிடம் கேட்டதுமே சரி என்றார். பாக்கியத்துக்கு இல்லாத கப்பலா என்றார். நான் நிம்மதியாகத் தோசை சுட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் வாசலுக்கு வந்தால், எதிரே கப்பல் நாலு மரக்கட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் ஒன்றும் இல்லை. அண்ணன் கழற்றிய டயரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். துரை காலத்து டயர். ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கிற துணி நூல் தெரிந்தது. நாலும் அப்படித்தான். ஏணி வந்தால்தான் இனிமேல் வண்டி தரையில் கால் வைக்கும் என்றார்.

எனக்கு அடுப்பை அணைக்கவும் மறந்துவிட்டது.

"அண்ணே, செலுப் டயர் போட்டா என்ன? எல்லா டாக்ஸியும் அதுலதானே ஓடுது."

செலுப் என்றால் தேய்ந்த டயர்மேல் புது ரப்பரை ஒட்டிக் கொடுப்பது. பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். ஊரில் பாதி வண்டி அதில்தான் ஓடியது.

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பழைய சேலைக்குச் சாயம் போட்டு உன் தங்கச்சிக்குக் கட்டி அனுப்புவியா?"

ஜன்னலில் பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். சரி, உங்க ஏணி எங்க இருந்தாலும் போய்த் தேடுவோம் வாங்க என்றேன். அண்ணன் உடனே எழுந்திருக்கவில்லை. நாள் பார்க்க வேண்டும் என்றார். பெண் பார்க்கப் போகிற மாதிரிதான் டயர் பார்க்கப் போக வேண்டுமாம், ஒரு சுமங்கலி கூட வர வேண்டுமாம், கையில் தட்டு இருக்க வேண்டுமாம். வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், பூ. நான்தான் சுமங்கலி. டயருக்குச் சம்பந்தம் பேசப் போன பெண்பிள்ளை மலாயாவில் நான் ஒருத்திதான்.

பெச்சா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் போனோம். அண்ணன் பெச்சாக்காரரிடம் மெதுவாப் போகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பாவம், இதுக்கு மேல மெதுவாப் போனா கீழ விழுந்துடும் என்று மலாயில் கெஞ்சினார்.

டயர்க் கடைக்காரர் பாபா சீனர், தலைமுறை தலைமுறையாக மலாய்ப் பழக்கத்தில் வாழ்கிற குடும்பம். தவுக்கே, அதாவது சீன முதலாளி என்றால் தொப்பையும் பல்குத்தும் குச்சியுமாக இருப்பார் என்று நினைத்தேன்; ஒல்லியாக, சாந்தமாக, வேட்டி மாதிரி சாரோங் கட்டியிருந்தார். மலாக்காவில் வெற்றிலைத் தட்டோடு ஒருவர் வீட்டு வாசலை மிதித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மலாய்க்காரரானாலும் பாபாவானாலும் செட்டியானாலும் எல்லாருக்கும் தெரியும். தவுக்கே தட்டைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். நரைத்த மீசையோடு, புதுச் சட்டையோடு, கல்யாணமே ஆகாமல் ஐம்பதைத் தொட்ட அண்ணனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அவர் முகம் இறங்கிவிட்டது. பின்னால் இருந்த அவர் மனைவி எழுந்து உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் மகள் புதுக் கெபாயாச் சட்டையும் குனிந்த தலையுமாகத் தேநீர் எடுத்து வந்து வைத்தாள்.

அண்ணன் தேநீரைக் குடித்தார். நல்ல மரியாதை தெரிந்த கடை என்று என் காதில் சொன்னார். பிறகு எழுந்து, தட்டை எடுத்துப்போய், அடுக்கி வைத்திருந்த டயர்களுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார்.

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள். தவுக்கேவுக்கு மூச்சு திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு அண்ணன் கேட்ட எல்லாவற்றுக்கும் எழுந்து எழுந்து போய் டயர் எடுத்துக் காட்டினார்.

முதலில் காட்டியது எழுத்தில்லாத புது டயர். அண்ணன் தொடவே இல்லை. அடுத்தது பாம்பு. அதைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், நல்ல குடும்பம்தான், நம்ம வண்டிக்கு உயரம் பத்தாது என்றார். கடைசியில் பரணிலிருந்து தூசி தட்டி இரண்டு டயர் இறக்கினார்கள். அண்ணன் என் கையைப் பிடித்து அந்த எழுத்தின்மேல் வைத்தார். இரண்டு கால், நடுவில் ஒரு படி. ஏணி. விரலுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆனால் இருந்தது இரண்டுதான். தவுக்கே ஒரு யோசனை சொன்னார். முன்னால் இரண்டு ஏணி, பின்னால் இரண்டு பாம்பு, யாருக்கும் தெரியாது என்றார். அண்ணன் மலாயும் தமிழும் கலந்து பதில் சொன்னார். ஒரு காலில் சப்பாத்து, ஒரு காலில் சிலிப்பர் போட்டு மாப்பிள்ளை வருவாரா? நாலில் எது சின்ன எழுத்தோ அதுதான் வண்டியின் வேகம். இரண்டு ஏணி போட்டாலும் இரண்டு பாம்பு இருந்தால் வண்டி பாம்பு வண்டிதான். தவுக்கே யோசித்து, அது சரிதான் என்றார். சிங்கப்பூருக்குச் சொல்லி அனுப்புகிறேன், முகூர்த்தத்துக்கு முன்னால் வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார்.

"வரும்" என்றார் அண்ணன்.

"வரலைன்னா?"

"வரும்."

இதுதான் அவருடைய வாதம். நான் ஒரு வழியும் தெரியாமல் தினமும் தோசைக் கடையைக் கட்டியதும் டயர்க் கடைக்குப் போய் நின்றேன். பிற்பாடு அந்தத் தவுக்கே மகளும் நானும் நல்ல சிநேகிதம். அவள் எனக்கு அச்சார் போடச் சொல்லிக் கொடுத்தாள், நான் அவளுக்கு இட்லி. அது வேறு கதை.

ஒரு நாள் சிங்கப்பூர் டயர் வந்துவிட்டது. கடை ஆள் இரண்டையும் உருட்டி வந்து நிறுத்தினார். குனிந்து பார்த்தேன். ஒன்றில் ஏணி. மற்றதில் நெளிகிறது.

"தவுக்கே, இது பாம்பு."

அவர் நம்பவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். பாம்புதான். அவர் மகள் கைதட்டினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று என்னை யாரும் அதற்குப் பிறகு அந்தக் கடையில் சொன்னதில்லை. பாம்பு திரும்பச் சிங்கப்பூர் போனது. நான் வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் மரக்கட்டைமேல் இருந்த காரைத் துடைத்துக்கொண்டே, வரும் என்றார்.

வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம். நாலு ஏணியும் பூட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, குங்குமம் இட்டு, கப்பல் மறுபடியும் தரையில் நின்றது. பாக்கியம் ஜன்னலில் நின்று சிரித்தாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அப்போதுதான் அண்ணன் கைகட்டி நின்று விஷயத்தைச் சொன்னார். புது டயரின் மேல்தோல் வழுக்குமாம், கொஞ்ச தூரம் ஓடிப் பழகும் வரைக்கும் பூப்போல ஓட்ட வேண்டுமாம். அதனால் நாளைக்கு இருபது போக முடியாது.

"பின்னே?"

"பதினஞ்சு."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் சம்பந்தியம்மா லாரியோடு வந்து இறங்கினார். எங்கள் கம்பத்து மாரியம்மன் காலடியில் தாலியை வைத்து எடுத்துப் போவது அவர்கள் வேண்டுதல். பூசை முடிந்ததும் தாலித் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கப்பலைச் சுற்றி வந்து பார்த்தார். அதில் ஏறுங்கள் என்று நான் கூப்பிட்டேன்.

"இதுல போனா கோயிலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பேரன் பேத்தியே பொறந்துடும் லா" என்று சொல்லிவிட்டு லாரியில் முன்னால் ஏறிக்கொண்டார். பின்னால் சீர்வரிசையும் சொந்தக்காரர்களும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். லாரி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் பறந்தது. யாரோ கையாட்டினார்கள். அதில் கேலி இருந்தது.

நாங்கள் பதினைந்தில் போனோம். பின்சீட்டில் பாக்கியம், பட்டுச் சேலையில் விளக்கு மாதிரி. பக்கத்தில் நான். என் வீட்டுக்காரர் முன்னால். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரோட்டோரம் ஓர் ஆமை போனதாக நான் கேலிக்குச் சொல்வதுண்டு. ஆமை இல்லை, ஆனால் ஒரு வாத்துக்கூட்டம் ரொம்ப நேரம் எங்களோடு வந்தது நிஜம். முகூர்த்தம் தவறினால் அடுத்த முகூர்த்தம் அந்த மாதத்தில் இல்லை. சம்பந்தியம்மா வாயை நினைக்கும்போதெல்லாம் பாக்கியத்தின் தலைப்பூவைச் சரி செய்தேன். லாரியில் அனுப்பியிருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். எனக்கும் அதுதான் தோன்றியது. தோன்றியது என்பதே எனக்கு அழுகையாக வந்தது. எந்த லாரி வேண்டாம் என்று அவ்வளவு பாடுபட்டேனோ, அதே லாரிக்கு மனசு ஏங்கியது.

வளைவு திரும்பினோம். ரோட்டோரம் லாரி சாய்ந்து நின்றது. பாரம் தாங்காமல், வெயில் சூட்டில் செலுப் டயர் உரிந்துவிட்டது. ஒட்டியிருந்த ரப்பர் முழுசாகக் கழன்று ரோட்டில் நீளமாகக் கிடந்தது. சொந்தக்காரர்கள் ரப்பர் மரத்து நிழலில் நின்றார்கள். நடு ரோட்டில் சம்பந்தியம்மா, கையில் தாலித் தட்டு.

அண்ணன் அழகாக நிறுத்தினார், இறங்கினார், கதவைத் திறந்து பிடித்தார். சம்பந்தியம்மா தட்டோடு ஏறி உட்கார்ந்தார். கப்பல் ஒரு பக்கம் தாழ்ந்து நிமிர்ந்தது. மறுபடியும் பதினைந்து.

இனி அவர் இல்லாமல் கல்யாணமே இல்லை, தாலியே எங்களிடம்தான் என்று என் வீட்டுக்காரர் தைரியம் சொன்னார். தாலி நம்மகிட்ட இருக்கு, நேரம் யார்கிட்ட இருக்கு என்றார் சம்பந்தியம்மா. பிறகு குரல் உடைந்து, வேகமாப் போப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும் என்று கெஞ்சினார். அண்ணனின் கழுத்து வியர்த்தது. புது டயரும்மா, வழுக்கும்மா என்றார். அவருக்கும் அழுகை வருகிற குரல்தான். அந்த மனிதர் பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை. துரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பறந்த காலமெல்லாம் அவருக்கு உள்ளே இருந்தது. பயம். இத்தனை வருஷம் அந்தப் பயத்துக்குத்தான் அவர் இருபது என்று பெயர் வைத்திருந்தார். எனக்கு அது அப்போதுதான் புரிந்தது.

பாக்கியம்தான் பேசினாள். காலையிலிருந்து அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

"அண்ணே, நாலும் ஏணிதானே?"

அண்ணன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். ஆமாம்மா என்றார். கொஞ்ச தூரம் அப்படியே போனார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெறுங்காலால் அமுக்கினார்.

நான் அன்றைக்குத்தான் அந்த வட்டத்தில் இருந்த மற்ற எண்களை உபயோகத்தில் பார்த்தேன். முப்பது வந்தது. நாற்பது வந்தது. கப்பல் சத்தமே போடவில்லை; இத்தனை நாள் எங்கேடா போயிருந்தீங்க என்று கேட்கிற மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். ஐம்பதில் சம்பந்தியம்மா தாலித் தட்டோடு என் மடியில் சாய்ந்துவிட்டார். முள் அறுபதைத் தொட்டபோது அண்ணன் மாரியம்மனைக் கூப்பிட்டார், துரை பக்கத்தில் இருந்து கூப்பிட்ட அதே குரலில். மரங்கள் எல்லாம் பின்னால் ஓடின. என் தங்கச்சி ஜன்னலில் முகம் வைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். காற்றில் அவள் தலைப்பூ கலைந்தது. நான் சரி செய்யவில்லை. விட்டுவிட்டேன்.

தோட்டத்துக் கோயில் வாசலில் கப்பல் நின்றபோது ஐயர் இன்னும் மந்திரத்தில்தான் இருந்தார். அண்ணன் இறங்கிச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, தலை குனிந்து நின்றார். பாக்கியம் ஒரு காலை வைத்து, பிறகு மற்றதை வைத்து, சேலை கசங்காமல் இறங்கினாள். ஆடு இல்லை, பால் வாடை இல்லை. அதைப் பார்த்தது போதும் எனக்கு. சம்பந்தியம்மா இறங்கும்போது அவருக்கும் அதே மரியாதை. அந்த அம்மாள் கார்க் கதவை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தாலி கட்டுகிற நேரம், கெட்டிமேளம் கொட்டுகிறது, அண்ணனைக் காணோம். அட்சதையை அவர் கையில் கொடுக்கலாம் என்று தேடி வந்தேன். அவர் காரைச் சுற்றி ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் குந்தி, புறங்கையால் டயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி.

"சாப்பிட வாங்கண்ணே."

"நீ போம்மா. இதுங்களுக்குச் சூடு அடங்கட்டும், வர்றேன்."

அட்சதையை அங்கேயே டயர்மேல் போட்டுவிட்டு வந்தேன். நான்தானே சம்பந்தம் பேசியவள்.

திரும்பி வந்தது பதினைந்தில். டயர் பழக்கம் கெட்டுவிட்டது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். அதற்கப்புறம் அவர் இருபதைத் தாண்டவே இல்லை. அந்த நாலு டயரும் தேயவே இல்லை தெரியுமா. வருஷம் போகப் போக ரப்பருக்கு வயசாகி, பக்கத்தில் வெடிப்பு விட்டது. அப்போதும் மேலே புது டயர் மாதிரி ரப்பர் முடி நிறைய இருந்தது. பாம்பு போட்டிருந்தாலும் போதுமே அண்ணே என்றேன். உன் தங்கச்சிகிட்ட போய்ச் சொல்லு என்றார்.

பாக்கியம் இப்போது புக்கிட் பாருவில், பேரப் பிள்ளைகளோடு இருக்கிறாள். இன்னும் பேச மாட்டாள். அண்ணன் போய்ப் பல வருஷம் ஆகிறது. கடைசி ஊர்வலத்தில் நாங்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி மெதுவாகத்தான் நடந்தோம். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. யாரும் ஒதுங்கவில்லை.

எனக்கு எழுத்தில் இரண்டுதான் தெரியும், பாம்பு ஒன்று, ஏணி ஒன்று. இப்போது டயரில் வேறு என்னென்னவோ எழுத்தெல்லாம் வருகிறதாம். பேரன்கள் புதுக் கார் வாங்கி வாசலில் நிறுத்தினால் நான் காரைப் பார்ப்பதில்லை. குனிந்து சக்கரத்தைத்தான் பார்ப்பேன். ஏணி தென்பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். பிறகு வண்டி எடுக்கிறவனிடம், மெதுவாப் போ கண்ணு, முன்னால ஒருத்தர் போய்க்கிட்டு இருக்கார், முந்திடாதே என்பேன். அவனுக்குப் புரியாது, சிரிப்பான். அண்ணன் போகிற வேகம் எனக்குத் தெரியும். இன்னும் ரொம்ப தூரம் போயிருக்க மாட்டார்.